சேலத்தில் ஓர் ஊசல், ஏற்காட்டில் அதே ஊசல்: பி.எஸ்சி. இயற்பியல் எங்கே கொண்டுபோகும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு சேலத்து வீடுகளில் கிளம்பும் கேள்வி ஒன்று உண்டு: “பிசிக்ஸ் எடுத்தா என்ன வேலைப்பா கிடைக்கும், வாத்தியார் வேலையைத் தவிர?” கேள்வியில் தப்பில்லை. பெரும்பாலும் பதிலைத் தேடும் நேரம்தான் தப்பு. மூன்றாம் ஆண்டு முடித்து டி.சி. வாங்கிய பிறகு தேடினால் அதற்குள் பாதிக் கதவு சாத்தியிருக்கும். ஒன்றிரண்டு கதவுகள் அட்மிஷன் ஃபாரம் நிரப்பும் அன்றைக்கே சாத்திவிடுகின்றன.

அந்த ஃபாரத்திலிருந்தே தொடங்கலாம். பி.எஸ்சி. இயற்பியலில் மேஜர் பாடத்தோடு அலைடு பாடங்கள், அதாவது துணைப் பாடங்கள், இரண்டு வரும். பழைய வழக்கப்படி கணிதம் ஒன்று, வேதியியல் ஒன்று. சில கல்லூரிகளில் வேதியியலுக்குப் பதில் எலக்ட்ரானிக்ஸோ கம்ப்யூட்டர் சயின்ஸோ எடுத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அணுசக்தித் துறையின் பயிற்சி உதவித்தொகைப் பணியிடங்கள் பலவற்றில் இயற்பியல் முதன்மைப் பாடமாகவும் கணிதமும் வேதியியலும் துணைப் பாடங்களாகவும் இருக்க வேண்டும் என்று அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணிக்கு, அதாவது ஏ.டி.சி.க்கு, பட்டப்படிப்பில் இயற்பியலும் கணிதமும் இரண்டும் வேண்டும். அலைடு கணிதம் இல்லாமல் எம்.எஸ்சி. இயற்பியலில் நுழைவதும் சிரமம். நுழைந்தாலும் முதல் செமஸ்டரிலேயே மூச்சுத் திணறும்.

பட்டத்தின் பெயரையும் பாருங்கள். வெறும் ‘பி.எஸ்சி. இயற்பியல்’ என்று இருந்தால் பிரச்சினை இல்லை. ‘அப்ளைடு’, ‘வித் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்’ என்று வால் நீண்டால், ஆசிரியர் தேர்வு வாரியத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் ‘இது இயற்பியலுக்குச் சமம் என்ற அரசாணை எங்கே’ என்று நிறுத்துவார்கள். அந்த அரசாணையின் எண்ணை அட்மிஷனுக்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். ‘அதெல்லாம் இருக்குங்க’ என்ற வாய்மொழிப் பதில் செல்லாது. சேலம் வட்டாரத்துக் கல்லூரிகளில் பெரும்பாலானவை 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்வதால், ஒரே ஊரில் இரண்டு கல்லூரிகளில் இரண்டு விதமாக இருக்கும். இணையத்தில் கிடைக்கும் பாடத்திட்டத்தை இறக்கி ஆறு செமஸ்டரையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

முதல் செமஸ்டரில் பலருக்குச் சறுக்குவது இயற்பியலில் இல்லை. ஓமலூர், ஆத்தூர், வாழப்பாடி பக்கமிருந்து தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் முட்டுக்கட்டை பெயர்கள்தான். ‘மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா’ என்று போர்டில் எழுதியதும் ஏதோ புதுச் சரக்கு என்று பயப்படுகிறார்கள். அது பிளஸ் ஒன்னில் படித்த நிலைமத் திருப்புத்திறன். ‘டிஃப்ராக்‌ஷன்’ விளிம்பு விளைவு, ‘இன்டர்ஃபியரன்ஸ்’ குறுக்கீட்டு விளைவு, ‘போலரைசேஷன்’ தளவிளைவு. ஒரு நாற்பது பக்க நோட்டில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று முந்நூறு சொல் எழுதிக்கொண்டால் இந்தத் தடை ஒன்றரை மாதத்தில் போய்விடும். பிளஸ் டூ தமிழ் வழி, ஆங்கில வழிப் புத்தகங்கள் இரண்டையும் அருகருகே திறந்து வைத்தாலே பட்டியல் தயார்.

கணக்கு வேறு விஷயம். அதற்குக் குறுக்குவழி கிடையாது. வகையீடு, தொகையீடு, இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு, வெக்டர் கால்குலஸ், சிக்கலெண், அணிக்கோவை: இவ்வளவும் முதல் ஆண்டு முடிவதற்குள் கையில் வந்துவிட வேண்டும். அலைடு கணிதத்தை ‘பாஸானா போதும்’ என்று ஒதுக்குபவர்கள் மூன்றாம் ஆண்டு குவாண்டம் மெக்கானிக்ஸில் டெரிவேஷனை மனப்பாடம் செய்யும் நிலைக்கு வருகிறார்கள். செமஸ்டர் தேர்வில் மனப்பாடம் காப்பாற்றும். வெளியே நடக்கும் எந்தத் தேர்விலும் காப்பாற்றாது.

இனி லேப். பி.எஸ்சி. இயற்பியலில் மற்ற எந்தப் படிப்பும் தராத ஒன்று கிடைக்கிற இடம் இதுதான் என்பது என் கட்சி. அதை வீணடிக்கிற அளவுக்கு வேறு எதையும் வீணடிப்பதும் இல்லை. சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ப அளவீடுகளைப் பின்னாலிருந்து போடும் பழக்கம் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அதில் சேலத்துக்கென்றே ஒரு வேடிக்கை இருக்கிறது. புவியீர்ப்பு முடுக்கம் ‘ஜி’க்கு எல்லோரும் 9.81 வரவழைப்பார்கள். நிலநடுக்கோட்டிலிருந்து பதினொன்றரை டிகிரி வடக்கே, கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேலத்தில் அது 9.78. நேர்மையாக 9.78 எடுத்த பையனைத் திருப்பி அனுப்பி 9.81 எடுத்து வரச் சொன்னால், அன்றைக்கு அவன் படித்த இயற்பியல் என்னவாக இருக்கும்?

அதே ‘ஜி’யை வைத்து இந்த ஊரில் செய்யக்கூடிய ஒரு புராஜெக்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டுப் புராஜெக்டுக்கு நூலகத்தில் பழைய பைண்டிங்கைத் தேடிக் காப்பியடிப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,230 மீட்டர். பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் போதும். மேலே ‘ஜி’ எவ்வளவு குறைகிறது என்பதைக் கல்லூரி லேபில் இருக்கும் கூட்டு ஊசலால் அளக்க முடியுமா?

முதலில் எவ்வளவு குறையவேண்டும் என்று கணக்குப் போடுங்கள். வெறும் உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மீட்டருக்கு 0.0000031 வீதம் குறையும். 1,230 மீட்டருக்கு 0.0038. ஆனால் ஏற்காட்டில் நாம் அந்தரத்தில் நிற்கவில்லை, காலுக்குக் கீழே சேர்வராயன் மலையே இருக்கிறது. அந்தப் பாறையின் நிறை நம்மைக் கீழே இழுத்து இழப்பில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. மலையை அகலமான தட்டையான பாறைப் பலகையாக எடுத்துக்கொண்டால் மொத்தக் குறைவு 0.0024 ஆகிவிடும். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்டிஸ் மலையில் ஊசலோடு ஏறிய பூகே என்ற பிரெஞ்சுக்காரர் போட்ட கணக்கின் சேலம் பதிப்பு இது. ‘ஜி’ குறைந்தால் ஊசல் மெதுவாகும். அலைவு நேரம் 0.012 முதல் 0.019 சதவீதம் வரை நீளும். சேலத்தில் சரியாக ஓடும் பெண்டுலம் கடிகாரத்தை ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால், மற்றதெல்லாம் மாறாமல் இருக்கும்பட்சத்தில், நாளொன்றுக்குப் பத்து முதல் பதினாறு விநாடி பின்தங்கும்.

லேபில் வழக்கமாகச் செய்வது என்ன? ஸ்டாப் வாட்சைக் கையில் பிடித்து இருபது அலைவு எண்ணுவது. பொத்தானை அழுத்தும் கைக்கு 0.1, 0.2 விநாடி தடுமாற்றம் உண்டு. முப்பது விநாடியில் 0.15 விநாடி என்றால் 0.5 சதவீதம். நாம் தேடுவதோ 0.015 சதவீதம். முப்பது மடங்கு பெரிய இரைச்சலுக்குள் அந்தச் செய்தி கிடக்கிறது. ‘முடியாது’ என்று விட்டுவிடுகிற இடம் இது. உண்மையில் புராஜெக்ட் தொடங்குகிற இடமும் இதுதான்.

கூட்டு ஊசல் என்பது ஒரு மீட்டர் நீள இரும்புப் பட்டை, ஐந்து செ.மீ.க்கு ஒரு துளை, தொங்கவிட ஒரு கத்திமுனை. ஒரே பட்டையை இரண்டு இடத்துக்கும் எடுத்துப்போவதால் நீளத்தை அளக்கவே வேண்டாம். அலைவு நேரங்களின் விகிதத்தை வர்க்கப்படுத்தினால் ‘ஜி’களின் விகிதம் வந்துவிடும். ஆனால் எந்தத் துளையில் தொங்கவிடுவது? நுனித் துளையில், அதாவது மையத்திலிருந்து 45 செ.மீ.யில் தொங்கவிட்டால், கத்திமுனை அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே அலைவு நேரம் 0.023 சதவீதம் மாறிவிடும். தேடும் அளவைவிட அந்தப் பிழை பெரிது. மையத்திலிருந்து சுமார் 29 செ.மீ. தூரத்தில் அலைவு நேரம் அதன் குறைந்தபட்சத்தைத் தொடுகிறது, ஏறக்குறைய 1.53 விநாடி. குறைந்தபட்சத்தில் வளைவு தட்டையாக இருக்கும் என்பது பிளஸ் டூ வகையீட்டுப் பாடம். ஆகவே 30 செ.மீ. துளையில் தொங்கவிடுங்கள். அதே அரை மில்லிமீட்டர் தவறு இங்கே 0.003 சதவீதம்தான் ஆகும். ரெக்கார்டில் கிராஃப் வரைந்து குறைந்தபட்சப் புள்ளியைக் குறிக்கச் சொல்வார்களே, அது எதற்கு என்பது இப்போது தெரியும்.

அடுத்தது வீச்சு. ‘சிறு கோணம்’ என்று டெரிவேஷனில் ஒரு வரியில் கடந்துபோவோம். ஐந்து டிகிரி வீச்சில் அலைவு நேரம் 0.048 சதவீதம் கூடிவிடுகிறது. தேடும் அளவைப்போல மூன்று மடங்கு. இரண்டு டிகிரியில் 0.008 சதவீதம். இரண்டு ஊரிலும் ஒரே இரண்டு டிகிரியில் விட வேண்டும். பின்னால் ஓர் அட்டையில் கோடு கிழித்து ஒட்டி, பட்டையை நூலால் இழுத்துக் கட்டி, நூலைத் தீக்குச்சியால் எரித்து விடுவியுங்கள். கையால் விட்டால் பக்கவாட்டில் ஒரு ஆட்டம் சேர்ந்துகொள்ளும்.

பிறகு வெப்பநிலை. இதில்தான் பலர் மாட்டுவார்கள். ஏற்காடு குளிர்ச்சி, சேலத்தைவிட எட்டு, ஒன்பது டிகிரி குறைவு. இரும்பு ஒரு டிகிரிக்கு மில்லியனில் 12 பங்கு சுருங்கும். ஒன்பது டிகிரிக்குப் பட்டை சுருங்கி அலைவு நேரம் 0.005 சதவீதம் குறைகிறது. ‘ஜி’ குறைந்ததால் நேரம் கூட வேண்டும், குளிரால் குறைகிறது. இரண்டும் எதிரெதிர் திசை. திருத்தம் போடாவிட்டால் விடையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய், ‘மலை நாம் நினைத்ததைவிடக் கனம்’ என்று எழுதிவிடுவோம். பட்டையின் மேல் தெர்மாமீட்டரை நூலால் கட்டி, ஊசல் அந்த அறையில் அரைமணி நேரம் சும்மா தொங்கிய பிறகு அளவெடுங்கள்.

நேரத்தை அளக்கப் பட்டையின் அடிநுனியில் அகச்சிவப்பு எல்.இ.டி.யும் போட்டோ டிரான்சிஸ்டரும் எதிரெதிராக வைத்து, நிரல் எழுதி இயக்கக்கூடிய சின்ன மின்னணுப் பலகையான ஆர்டுயினோ போர்டில் இணைக்கலாம். கதிர் ஊசலின் ஓய்வுநிலையில் இருக்கட்டும். அங்கேதான் வேகம் அதிகம், மறைக்கும் கணம் கூர்மையாக வரும். ஒரு முழு அலைவில் பட்டை இருமுறை கடக்கும் என்பதை நிரலில் மறந்துவிடாதீர்கள். வெயில் நேரடியாகப் பட்டால் டிரான்சிஸ்டர் திகைத்து நிற்கும். கறுப்புத் தாளைக் குழலாகச் சுருட்டி மாட்டினால் சரியாகும். எல்லாம் சரி, ஆனால் ஆர்டுயினோ ஊனோவின் கடிகாரம் செராமிக் ரெசனேட்டரில் ஓடுகிறது. அது 0.5 சதவீதம் வரை தவறலாம், குளிருக்கு நகரவும் செய்யும். அதையே நம்பி 0.015 சதவீதத்தைத் தேடுவது, தராசையே எடை போடாமல் தங்கம் நிறுப்பது மாதிரி. நொடிக்கொரு துடிப்பு தரும் பின் (இணைப்புக் கால்) உள்ள ஜி.பி.எஸ். மாட்யூல் ஒன்றை வாங்கி, ஆர்டுயினோ தன் கடிகாரப்படி அந்தத் துடிப்புகளின் இடைவெளியை எத்தனை மைக்ரோ விநாடி என்று காட்டுகிறது என்பதை இரு ஊரிலும் பதிவு செய்யுங்கள். அந்த எண்ணால் ஊசல் நேரத்தை வகுத்தால் போர்டின் பிழை வெளியேறிவிடும். ஓட்டத்துக்கு இருநூறு அலைவு, ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். இரண்டு ஊரிலும் பத்து ஓட்டம். தாங்கியைச் சுவரில் அறைந்த பிராக்கெட்டில் வையுங்கள். மேஜைமேல் வைத்தால் மேஜையும் சேர்ந்து ஆடும், இரண்டு ஊர் மேஜையும் ஒரே மாதிரி ஆடாது.

இத்தனையும் செய்தபின் 0.003, கூட்டல் கழித்தல் 0.001 என்று வந்தால் அது அபார வெற்றி. அந்தக் ‘கூட்டல் கழித்தல்’ எங்கிருந்து வந்தது என்று வைவா எனும் வாய்மொழித் தேர்வில் வரிசையாகச் சொல்லத் தெரிந்த மாணவர், பின்னால் எந்த வேலைக்குப் போனாலும் தேறிவிடுவார். இப்படி ஊசலைத் தூக்கிக்கொண்டு இந்தியா முழுக்க ஈர்ப்பை அளக்கக் கிளம்பிய சர்வே ஆஃப் இந்தியா அதிகாரி பஸேவி, 1871இல் லடாக் பக்கத்து உயர்நிலத்தில் அந்த வேலையிலேயே இறந்துபோனார். ஏற்காட்டில் அவ்வளவு ஆபத்து இல்லை. இறங்கும்போது கத்திமுனையைத் துணியில் சுற்றித் தனியாக எடுத்து வாருங்கள். பட்டையோடு மோதி மழுங்கினால் லேப் அசிஸ்டென்ட் சும்மா விடமாட்டார்.

இதெல்லாம் எங்கே கொண்டுபோகும் என்பதற்கு மூன்று இடங்களைச் சொல்லலாம்.

ஒன்று புவி இயற்பியல். ஏற்காட்டில் ஊசலால் செய்ததை, ஈர்ப்பை நுட்பமாக அளக்கும் கிராவிமீட்டர் கருவியால் செய்து, மலையின் நிறைக்கான திருத்தத்தையும் போட்டு, மண்ணுக்கடியில் கனமான தாது எங்கே, இலேசான பாறை எங்கே என்று தேடும் வேலை. சேலத்துக்காரர்களுக்கு இது அந்நியமில்லை. ஊருக்குள் நுழையும்போதே மேக்னசைட் வெள்ளைக் கரடு தெரிகிறது, கஞ்சமலையில் மேக்னடைட் இரும்புத்தாது, சேர்வராயன் மேலே பாக்சைட். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ஜியோபிசிசிஸ்ட் பணிக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வை எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்களும் எழுதலாம். இதைப் பல இயற்பியல் துறைகளில் யாரும் சொல்வதே இல்லை. ஜியாலஜி படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது மருத்துவ இயற்பியல். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் லீனியர் ஆக்சிலரேட்டர் எவ்வளவு டோஸ் தருகிறது என்று அளந்து சான்றளிப்பவர் மருத்துவ இயற்பியலாளர். தண்ணீர்த் தொட்டிக்குள் அயனி அறை என்ற சிறு கதிர்வீச்சு உணர்கருவியை வைத்து, உள்ளிருக்கும் காற்றில் கதிர் உண்டாக்கும் மின்னூட்டத்தை அளப்பார்கள். அறைக்குள் இருப்பது வெறும் காற்று, வெளிக்காற்றோடு தொடர்புடையது. அழுத்தம் குறைந்தால், வெப்பம் கூடினால், உள்ளே காற்றின் நிறை குறைந்து அளவும் குறைவாகக் காட்டும். 20 டிகிரி, 101.3 கிலோபாஸ்கல் என்ற நிலைக்குத் திருத்த வேண்டும். சேலத்தின் உயரத்தில் அழுத்தம் 98 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். அறை 25 டிகிரி என்றால் திருத்தக் காரணி சுமார் 1.05. அதைப் போட மறந்தால் டோஸ் 5 சதவீதம் குறைவாகத் தெரியும். அதை நம்பி இயந்திரத்தைக் கூட்டி வைத்தால் நோயாளிக்கு 5 சதவீதம் அதிகம் போகும். மாதாந்திரச் சோதனையில் 2 சதவீத விலகலுக்கு மேல் ஏற்காத துறை இது. இன்னும் நயமான தவறு ஒன்று உண்டு. பாரோமீட்டர் பழுதென்று மொபைல் வானிலைச் செயலியில் அழுத்தத்தைப் பார்த்துப் போடுவது. செயலி காட்டுவது பொதுவாகக் கடல்மட்டத்துக்கு மாற்றிய எண். சென்னையில் அது பெரிதாக உறுத்தாது; சேலத்தில் 3 சதவீதம் தப்பு, ஏற்காட்டு உயரத்தில் 15 சதவீதத்துக்கும் மேல். வழி இதுதான்: அண்ணா பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ், அல்லது எம்.எஸ்சி. இயற்பியலில் 60 சதவீதம் எடுத்து, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓராண்டு ரேடியாலஜிக்கல் பிசிக்ஸ் டிப்ளமோ. அதன்பின் கதிர்வீச்சு சிகிச்சைத் துறையில் ஓராண்டு இன்டர்ன்ஷிப், பிறகு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிக்கான தேர்வு. இடங்கள் குறைவு, ஆனால் முடித்தவர்கள் வேலையில்லாமல் இருப்பது அரிது.

மூன்றாவது, எம்.எஸ்சி. வரை போக வசதியில்லாதவர்களுக்கும் திறந்திருப்பது: என்.டி.டி., அதாவது பொருளை உடைக்காமல் உள்ளே விரிசல் பார்ப்பது. சேலம் உருக்காலை, மேட்டூர் அனல்மின் நிலையம், திருச்சி கொதிகலன் தொழிலகங்கள் என்று இந்த வட்டாரமே இதற்கான களம். அல்ட்ராசோனிக் கருவியில் ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் தகட்டின் தடிமன். சாதாரண எஃகில் வேகம் விநாடிக்கு 5,900 மீட்டர் அளவு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சுமார் 5,700. சாதாரண எஃகுக் கட்டையில் கருவியைச் சரிசெய்துவிட்டு ஸ்டெயின்லெஸ் குழாயை அளந்தால், உள்ளதைவிட 3 சதவீதம் தடியாகக் காட்டும். தேய்ந்த குழாய் தேயாததுபோலத் தெரியும். லெவல் 2 சான்றிதழ் வகுப்புகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பணம் கட்டுமுன், சான்றிதழோடு அனுபவ மணிநேரத்துக்கும் ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். அது இல்லாத லெவல் 2வை ஆலைக்காரர்கள் சீந்துவதில்லை.

அரசு வேலைகளில் பி.எஸ்சி.யோடு நிற்பவர்கள் ஒரே எண்ணை நினைவில் வைத்தால் போதும்: 60 சதவீதம். கல்பாக்கம், கூடங்குளம் பயிற்சிப் பணியிடங்களுக்கும், எஸ்.எஸ்.சி. மூலம் வானிலைத் துறை எடுக்கும் சயின்டிஃபிக் அசிஸ்டென்ட் பணிக்கும் அது வேண்டும். 59.9 சதவீதத்தை யாரும் முழு எண்ணாக்கித் தரமாட்டார்கள். முதலாண்டு அலைடு வேதியியலில் கவனக்குறைவாக எடுத்த 48 மதிப்பெண் இங்கே வந்து காலை வாரும். பயிற்சிப் பணியிடங்களுக்கு வயது வரம்பும் இருபதுகளின் நடுவிலேயே முடிந்துவிடுவதால், ‘முதலில் எம்.எஸ்சி., பிறகு பார்க்கலாம்’ என்றால் அவை கைநழுவும். ஏ.டி.சி. பணிக்கு எழுத்துத் தேர்வோடு குரல் தேர்வும் மருத்துவச் சோதனையும் உண்டு. நிறம் பிரித்தறிவதில் குறை இருக்கிறதா என்று முன்கூட்டியே கண் மருத்துவரிடம் பார்த்துவிடுவது நல்லது.

வாத்தியார் வேலை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்; எல்லோருக்கும் தெரிந்த பாதை. பி.எஸ்சி., இரண்டாண்டு பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் இரண்டாம் தாள், அதன்பின் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) போட்டித் தேர்வு என்றால் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர். எம்.எஸ்சி., பி.எட். முடித்து பி.ஜி. டி.ஆர்.பி. எழுதினால் மேல்நிலை வகுப்பு. கல்லூரிக்கு நெட், செட் என்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வுகளில் ஒன்று அல்லது முனைவர் பட்டம். அறிவிப்புக்கும் அறிவிப்புக்கும் இடைவெளி நீளமாக இருப்பதால், அதை மட்டும் நம்பிச் சும்மா காத்திருப்பதுதான் ஆபத்து.

ஆராய்ச்சிப் பக்கம் போக விரும்புபவர்களுக்கு முதல் படி ஐ.ஐ.டி. ஜாம், அதாவது ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான நுழைவுத் தேர்வு. மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில், செப்டம்பர், அக்டோபரில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். முதல் பகுதியில் 30 கேள்விகளுக்குத் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட விடை உள்ள 10 கேள்விகளுக்கும், எண்ணை நாமே உள்ளிடும் 20 கேள்விகளுக்கும் கழிப்பு இல்லை. அவற்றில் எதையும் காலியாக விடக்கூடாது. பாடப்பகுதி பெரும்பாலும் நம் பி.எஸ்சி.யில் இருப்பதுதான், கேட்கும் விதம்தான் வேறு. பல்கலைக்கழகத் தாளில் ‘சீரிசை இயக்கத்துக்கான சமன்பாட்டைத் தருவி’ என்று பத்து மதிப்பெண் கேள்வி வரும். ஜாமில் நீங்கள் பார்த்தே இராத ஓர் ஆற்றல் சார்பைக் கொடுத்து, அதன் பள்ளத்தில் சிறு அலைவின் கோண அதிர்வெண் என்ன என்பார்கள். முதல் வகைக்கெழுவைச் சுழியாக்கிப் பள்ளத்தின் இடத்தைக் கண்டுபிடி, அங்கே இரண்டாம் வகைக்கெழு சுருள்வில் மாறிலி, அதை நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடு: மூன்று நிமிடம். டெரிவேஷனை வரிவரியாக மனப்பாடம் செய்தவருக்கு அரைமணி நேரமும் போதாது. இரண்டாம் ஆண்டு டிசம்பர் விடுமுறையிலிருந்து நாளுக்கு ஐந்து கணக்கு என்று பழைய தாள்களைப் போட்டாலே போதும். கோச்சிங்குக்கு வெளியூர் போய்த் தங்க வேண்டியதில்லை. எலக்ட்ரானிக்ஸையும் திண்மநிலையையும் பலர் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். சுலபமாக மதிப்பெண் தருபவை அவைதான்.

ஜாமோடு சேர்த்து, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் பி.ஜி. நுழைவுத் தேர்வையும் எழுதுங்கள், திருவாரூர், புதுச்சேரி, ஹைதராபாத் எல்லாம் அதற்குள் வரும். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் (டி.ஐ.எஃப்.ஆர்.) தேர்வு டிசம்பரிலேயே நடந்துவிடும் என்பதால் அதைத் தவறவிடுபவர்கள் நிறைய. எம்.எஸ்சி.க்குப் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. முனைவர் பட்டத்துக்கு ஐந்து ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அந்த ஐந்தாண்டு பொறுப்பார்களா என்பதைக் கிளம்புமுன் பேசிவிடுவது நல்லது.

பைத்தான் கற்றுக்கொள்வதை எங்கும் தனியாகச் சொல்லவில்லை, ஏனென்றால் மேலே சொன்ன ஊசலின் இருபது ஓட்டங்களை நோட்டில் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. சராசரி, திட்டவிலக்கம், வெப்பத் திருத்தம், கிராஃப்: ஐம்பது வரி நிரல். கல்லூரி லேபில் கம்ப்யூட்டர் கிடைக்காவிட்டால் மொபைலிலேயே எழுதலாம்.

கடைசியாக ஒரு அலுவலகச் சமாசாரம். ஜூலையில் எம்.எஸ்சி. கவுன்சிலிங் வரும்போது பல பேருக்கு ஆறாம் செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் கையில் இருக்காது. ரிசல்ட் இணையத்தில் வந்திருக்கும், தாள் வந்திருக்காது. அரியர் ஒன்று பாக்கியிருந்தால் சேர்த்த இடத்திலும் நிற்க முடியாது. ஐந்தாம் செமஸ்டர் முடியும்போதே அரியர் எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். ரிசல்ட் வந்த அன்றே ப்ரொவிஷனல் சான்றிதழுக்குப் பணம் கட்டி, கட்டிய சலானை மூன்று நகல் எடுத்து வையுங்கள்.